புழுங்கல் அரிசியின் சாட்சியம்

பொன்விழா மலருக்காகப் பழைய நினைவுகளைத் திரட்ட உறுப்பினர் வீடுகளுக்கு நாங்கள் போனபோது, நிழற்படங்களோடும் அழைப்பிதழ்களோடும் வேறொன்றும் சேர்ந்து கிடைத்தது. ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மருந்துக் கதை இருந்தது. பிள்ளை பெற்ற மகளுக்குப் பிரசவ மருந்து இடித்துக் கிளறிய நன்னிமா, கருஞ்சீரகத்தைத் தேனில் குழைத்துக் கொடுத்த வாப்பா, தண்ணீர் ஓதித் தந்த லெப்பை, சுளுக்கு எடுத்துவிட்ட மலாய்க்கார மாக்சிக், இடுப்பு வலிக்கு ஊசி குத்திய சீனச் சின்சே என்று அந்தக் கதைகள் நீண்டன. ஷா ஆலம் சிலாங்கூரின் தலைநகரானது 1978ஆம் ஆண்டில்தான். அதன் பிறகும் நீண்ட காலம் பெரிய அரசு மருத்துவமனை என்றால் கிள்ளானுக்குத்தான் போக வேண்டும். அந்த நாள்களில் நம் குடும்பங்களுக்கு முதல் மருத்துவமனை அடுப்பங்கரைதான்.

எல்லாக் கதைகளும் இனிப்பாக இல்லை. ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் சக்கர நாற்காலியில் இருந்தபடி எங்களை வரவேற்றார். இனிப்பு நீருக்குப் பல ஆண்டுகள் மாத்திரை சாப்பிட்டவர். யாரோ கொண்டுவந்து கொடுத்த பொடியை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டார். "உடம்பு நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. கால் மரத்துப் போனதுதான் தெரியல" என்றார். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். பொடி கொடுத்தவர் மீது அவருக்குக் கோபம் இல்லை. "ஊரே சாப்பிட்டுச்சே, நான் மட்டுமா?" என்றார்.

அந்த ஒரு சொல்தான் எங்களை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. ஊரே சாப்பிட்டது என்பது ஒரு மருந்துக்குப் போதுமான சாட்சியமா? போதாது என்றால் வேறு எது சாட்சியம்? நம் பாட்டிமார் கைவைத்தியத்தில் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது? இந்தக் கேள்விக்கு நல்லதொரு பதில், நாம் வாழும் இதே வட்டாரத்தில், நூற்றுப்பதினைந்து ஆண்டுகளுக்கும் முன்பே கிடைத்திருக்கிறது. நம்மில் பலருக்கு அது தெரியாது.

கோலாலம்பூரில் இரண்டு பந்தி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவை ஆட்டிப்படைத்த நோய் பெரிபெரி. கால் மரத்துப்போகும், வீங்கும், நடை தளரும், கடைசியில் இதயம் நின்றுபோகும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாக இறந்தார்கள். ஆனால் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களிடம் இந்நோய் அரிதாகவே இருந்தது. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராட்டன் இதைக் கவனித்தார். சீனர்கள் சாப்பிட்டது தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. வேறுபாடு சோற்றில்தான் இருக்கிறது என்று அவர் எழுதினார். பலர் நம்பவில்லை. நோய்க்குக் கிருமிதான் காரணம், இடம்தான் காரணம் என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள்.

வாதத்தால் தீராத இந்த வழக்கைச் சோதனையால் தீர்க்க முனைந்தவர் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர். கோலாலம்பூர் மனநோயாளர் காப்பகத்தில் இருந்தவர்களை 1905ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வரிசையாக நிற்கவைத்து எண்ணினார். ஒற்றைப்படை எண் வந்தவர்களுக்கு வழக்கமான சயாம் பச்சரிசி. இரட்டைப்படை எண் வந்தவர்களுக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. மற்றபடி இரு சாராருக்கும் ஒரே உணவு. ஓராண்டு அப்படியே நடத்தினார். பச்சரிசிப் பந்தியில் 120 பேர், அவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் பந்தியில் 123 பேர், அவர்களில் ஒருவர்கூட அந்நோயால் இறக்கவில்லை. இந்த முடிவு 1907ஆம் ஆண்டு லண்டனின் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது.

அந்த நோயாளிகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்று அப்படியொரு சோதனையை எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. பெயர் பதிவாகாத அந்த 18 பேரின் உயிரைக் கொடுத்துப் பெற்ற அறிவு இது. அதை வீணாக்காமல் இருப்பதே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

பிறகு ஃபிரேசர், ஸ்டாண்டன் என்ற இரு மருத்துவர்கள் சாலைத் தொழிலாளர்களிடையே சோதனை நடத்தி, அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஏதோ ஒரு சத்துதான் காரணம் என்று நிறுவினார்கள். அவர்கள் பணியாற்றிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1900ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் தொடங்கப்பட்டது. அந்தக் கழகம் இன்று இருப்பது நம் ஷா ஆலத்தின் செத்தியா ஆலமில்! மூலிகை மருந்துகளை ஆராயும் பிரிவும் அங்கே இருக்கிறது. அந்தப் பக்கம் காரில் போகும்போது பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம்.

இதில் நாம் கற்க வேண்டியது இரண்டு. ஒன்று, நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்தும் நம் முன்னோரின் வழக்கத்தை ஆய்வு இழிவுபடுத்தவில்லை, உயர்த்தியது. அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. இரண்டு, சோதனை நடந்தபோது அந்தச் சத்து எது என்று யாருக்கும் தெரியாது. இன்று பி1 என்று நாம் சொல்லும் அந்த உயிர்ச்சத்தை 1926ஆம் ஆண்டில்தான் ஜாவாவில் பிரித்தெடுத்தார்கள். ஆகவே, ஒரு மருந்து எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமலே, வேலை செய்கிறதா இல்லையா என்று கண்டுவிடலாம். அதற்கு வேண்டியது நேர்மையான ஒப்பீடு மட்டுமே.

இது அந்நியச் சரக்கா?

ஒப்பிட்டுப் பார்ப்பது வெள்ளைக்காரர் கொண்டுவந்த பழக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த அர்-ராஸி, மூளைக்காய்ச்சலின் அறிகுறி கண்டவர்களில் ஒரு சாராருக்கு இரத்தம் வெளியேற்றி, மறு சாராரை வேண்டுமென்றே அப்படியே விட்டு, என்ன நடக்கிறது என்று பார்த்ததாகத் தம் குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். அந்தச் சிகிச்சையை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. அவருக்குப் பின் வந்த இப்னு சீனா (980–1037), மருந்தைச் சோதிப்பதற்கென்றே விதிகள் எழுதினார். பலன் ஒரு முறை வந்தால் போதாது, எப்போதும் வர வேண்டும் என்றார். விலங்கில் பார்த்தது போதாது, மனிதரிலும் பார்க்க வேண்டும் என்றார். நோய்க்கு மருந்து தேடுவது நபிவழி. அது மருந்துதானா என்று விசாரிப்பது நம் அறிஞர்கள் காட்டிய வழி.

உஸ்மான் சாலையின் உஸ்மான்

சென்னைக்குப் போனால் தியாகராய நகர் உஸ்மான் சாலையில் நகையும் துணியும் வாங்காமல் நம்மவர்கள் திரும்புவதில்லை. பக்கத்திலேயே பனகல் பூங்கா. இந்த இரண்டு பெயருக்கும் நம் கதைக்கும் தொடர்பு உண்டு.

முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் சென்னை மாகாண அரசு, நாட்டு மருந்துகளை ஆராயும்படி டாக்டர் கோமன் என்பவரைக் கேட்டுக்கொண்டது. அவர் சில மருந்துகளை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சில பயன்படும் என்றார். ஆனால் நாட்டு மருத்துவத்தின் கோட்பாடுகள் அறிவியலுக்கு ஒவ்வாதவை என்று எழுதினார். வைத்தியர்களும் ஹக்கீம்களும் கொதித்தெழுந்தார்கள். பனகல் அரசரின் நீதிக்கட்சி அரசு 1921ஆம் ஆண்டில் ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் முகமது உஸ்மான். பின்னாளில் 1934ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகவும் இருந்தவர். செயலாளர் டாக்டர் ஜி. சீனிவாசமூர்த்தி.

சித்தம், ஆயுர்வேதம், யூனானி மூன்றையும் சமமாக வைத்து அந்தக் குழு விசாரித்தது. வினாப்பட்டியல் அனுப்பி, தமிழிலும் உருதுவிலும் சமஸ்கிருதத்திலும் பிற மொழிகளிலும் வந்த பதில்களை அந்தந்த மொழியிலேயே அச்சிட்டது. யாரும் செவிகொடுக்காத வைத்தியர்களின் குரலுக்கு அரசு ஏட்டில் இடம் கொடுத்தது பெரிய காரியம். 1923ஆம் ஆண்டு வெளியான அறிக்கை, நம் மருத்துவ முறைகளின் கோட்பாடு தர்க்கமும் அறிவியலும் உடையது என்றது. அதே வேளையில் அறுவை சிகிச்சையில் அவை தன்னிறைவு பெறவில்லை என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டது. அதன் பயனாகச் சில ஆண்டுகளில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது.

உஸ்மான் குழுவின் மீது நமக்கு மதிப்பு குறையவில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. கோமன் தரப்பும் சரி, வைத்தியர் தரப்பும் சரி, கோட்பாட்டைப் பற்றியே மோதிக்கொண்டார்கள். வாதம், பித்தம், கபம் அறிவியலா இல்லையா என்பதே வழக்காக இருந்தது. இந்த மருந்தைச் சாப்பிட்டவரையும் சாப்பிடாதவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யார் தேறுகிறார் என்ற எளிய கேள்வி நடுவில் தொலைந்துபோனது. அதைக் கேட்கும் வழியைக் கோலாலம்பூர் 1907ஆம் ஆண்டிலேயே உலகுக்குக் காட்டியிருந்தது. சீட்டுக் குலுக்குவதுபோல் நோயாளிகளைப் பிரித்துச் சோதிக்கும் முறை மருத்துவ உலகில் நிலைபெற்றது, பிரிட்டனில் காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் சோதனை 1948ஆம் ஆண்டு வெளியான பிறகுதான்.

அதே காலத்தில் டெல்லியில் நடந்தது நமக்கு ஆறுதல் தருகிறது. ஹக்கீம் அஜ்மல் கான் தாம் உருவாக்கிய திப்பியா கல்லூரியில் ஆராய்ச்சியும் நடக்க வேண்டும் என்று விரும்பி, ஜெர்மனியில் படித்த வேதியியலாளர் சலீமுஸ்ஸமான் சித்திகியை அழைத்தார். சித்திகி 1931ஆம் ஆண்டில் சர்ப்பகந்தா வேரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, மறைந்த ஹக்கீமின் நினைவாக அதற்கு அஜ்மலின் என்று பெயரிட்டார். இதயத் துடிப்புக் கோளாற்றில் அது பயன்பட்டது. 1949ஆம் ஆண்டில் மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல், அதே வேர் இரத்தக் கொதிப்பைத் தணிப்பதை நோயாளிகளிடம் ஆராய்ந்து வெளியிட்டார். 1952ஆம் ஆண்டில் அதிலிருந்து ரெசர்பின் பிரிக்கப்பட்டது. அது மனச்சோர்வை உண்டாக்கலாம் என்ற எச்சரிக்கையும் பின்னர் வந்தது. நாட்டு மருந்து என்பதாலேயே பக்கவிளைவு இருக்காது என்பது தவறு என்பதற்கும் அதே வேரே சாட்சி.

இன்றைய நிலவரம்

நம் நாட்டில் பாரம்பரிய மருத்துவம் யாரோ சிலர் நாடுவதல்ல. 2009ஆம் ஆண்டு வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, மலேசியர்களில் 69.4 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒரு முறையாவது அதை நாடியிருக்கிறார்கள். அரசும் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. 2001ஆம் ஆண்டில் தேசியக் கொள்கை வந்தது. 2007ஆம் ஆண்டில் பினாங்கு கெப்பாலா பத்தாஸ் அரசு மருத்துவமனையில் பாரம்பரிய மருத்துவப் பிரிவு தொடங்கியது. 2016ஆம் ஆண்டில் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டம் வந்தது. மலாய், சீன, இந்திய மருத்துவங்களோடு இஸ்லாமிய மருத்துவ முறை, ஹோமியோபதி, கைரோபிராக்டிக், ஒஸ்தியோபதி ஆகிய ஏழு துறைகள் அங்கீகாரம் பெற்றுள்ளன. மருத்துவர் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது சட்டம். ஆனால் பதிவு என்பது யார் செய்யலாம் என்பதற்கு விடை, எது பலிக்கும் என்பதற்கு அல்ல. அதற்கு ஆய்வுகளைத்தான் கேட்க வேண்டும்.

நம் வீடுகளில் அதிகம் பேசப்படும் சிலவற்றை மட்டும் இங்கே சொல்கிறோம்.

பாகற்காய் சாறு இனிப்பு நீரை ஓட்டிவிடும் என்பது நாம் பாலோடு சேர்த்துக் குடித்த நம்பிக்கை. நமக்குப் பக்கத்தில் செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உலகெங்கும் நடந்த சோதனைகளைத் திரட்டி 2012ஆம் ஆண்டில் ஆராய்ந்தார்கள். தகுதியான நான்கு சோதனைகள்தான் கிடைத்தன, பங்கேற்றவர்கள் 479 பேர். பாகற்காயை இனிப்பு நீருக்கு மருந்தாகப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்பது முடிவு. புழுங்கல் அரிசி தேர்வில் தேறியது. பாகற்காய் இன்னும் தேறவில்லை. கறியாகச் சாப்பிடுவதை யாரும் தடுக்கவில்லை.

கருஞ்சீரகம் நமக்கு வெறும் மளிகைச் சாமான் அல்ல, நபிமொழியோடு சேர்ந்து வந்த பொருள். பதினோரு சோதனைகளைத் திரட்டி 2016ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, அது இரத்தக் கொதிப்பின் மேல் அளவை ஏறக்குறைய 3 புள்ளி குறைப்பதாகக் காட்டியது. உண்மையான பலன், ஆனால் சிறிய பலன். 170இல் இருப்பவரை அது 130க்குக் கொண்டுவராது. மாத்திரையோடு சேரலாம், மாத்திரையின் இடத்தில் உட்கார முடியாது.

அக்குபங்சரைப் பற்றி 39 சோதனைகள், 20,827 நோயாளிகள் என்று பெரிய தொகுப்பு 2018ஆம் ஆண்டில் வந்தது. நாள்பட்ட முதுகு, கழுத்து, முழங்கால் வலிக்கும் தலைவலிக்கும் அது உதவுகிறது. ஆனால் பாவனையாக ஊசி குத்தப்பட்டவர்களும் கணிசமாகத் தேறினார்கள். உண்மை ஊசிக்கும் பாவனை ஊசிக்கும் உள்ள இடைவெளி சிறியது. கவனித்துப் பார்ப்பவரின் கை, நம்பிக்கை, ஓய்வு ஆகியவையும் வலியைக் குறைக்கும் என்பது இதில் கிடைக்கும் பாடம். பெக்காம் என்று இங்கே வழங்கும் ஹிஜாமாவுக்கு வலி தொடர்பான சோதனைகள் உண்டு. அவற்றில் பல சிறியவை, தரம் குறைந்தவை. செய்துகொள்கிறவர் பதிவு பெற்றவரிடம், ஒருவருக்கு ஒரு முறை மட்டும் பயன்படும் கருவிகளோடு செய்துகொள்வது நல்லது.

ஓதிப் பார்ப்பதை நாங்கள் இந்தத் தராசில் வைக்கவில்லை. துஆ அடியாருக்கும் இறைவனுக்கும் இடையில் உள்ளது, அது மருந்துச்சீட்டு அல்ல. மருந்தை விட்டுவிட்டு ஓதுங்கள் என்று சொல்பவர் எவராயினும் அவரிடமிருந்து விலகிக்கொள்ளுங்கள் என்பது மட்டுமே எங்கள் வேண்டுகோள்.

துணை எது, மாற்று எது?

எல்லாவற்றையும்விட முக்கியமானது இந்த வேறுபாடுதான். மருத்துவர் தரும் சிகிச்சையோடு சேர்த்துச் செய்வது துணை. அதை விட்டுவிட்டுச் செய்வது மாற்று. அமெரிக்க யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், குணப்படுத்தக்கூடிய நிலையில் புற்றுநோய் இருந்தும் மாற்று மருத்துவத்தை மட்டுமே நாடிய 281 பேரைக் கவனித்தார்கள். முறையான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட, அவர்கள் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் அது ஐந்து மடங்குக்கும் மேல். மூலிகை அவர்களைக் கொன்றது என்று இதற்குப் பொருள் இல்லை. காலம் கடந்துபோனதுதான் கொன்றது. கூச்சத்தால் கட்டியை மறைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருக்கும் ஒரு ராத்தாவாவது இதைப் படித்துவிட்டு மருத்துவமனைக்குப் போனால், இந்த மலர் அச்சிட்ட செலவு பலித்துவிடும்.

இனிப்பு நீர் நம் வாசலிலேயே நிற்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் உண்டு. இந்தியர்களில் மட்டும் 31.4 விழுக்காடு. நம் மண்டபத்தில் பத்துப் பேர் பந்தியில் அமர்ந்தால் மூவருக்கு இருக்கும் என்று பொருள். இதனால்தான் பொடி விற்பவர்களின் முதல் சந்தையாக நாம் இருக்கிறோம். இனிப்பு நீரையும் புற்றுநோயையும் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை நம் நாட்டில் 1956ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. அப்படி ஒரு விளம்பரம் கைப்பேசியில் வந்தால், மருந்தைப் பார்க்கும் முன்பே அது சட்டமீறல் என்று தெரிந்துகொள்ளலாம். பொட்டலத்தில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். பாரம்பரிய மருந்தானால் அந்த எண் 'டி' என்ற ஆங்கில எழுத்தில் முடியும். பதிவில்லாத மூட்டுவலி மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு மீண்டும் மீண்டும் கண்டுபிடித்து வருகிறது. வலி மாயமாய் மறைவது அதனால்தான். பதிவு எண்கூடப் பாதுகாப்புக்கும் தரத்துக்கும்தான் உறுதி, நோய் தீரும் என்பதற்கு அல்ல.

இன்னொன்று. நாட்டு மருந்து சாப்பிடுவதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். திட்டுவார் என்று பயந்து மறைக்கும்போதுதான் இரண்டு மருந்தும் உடம்புக்குள் மோதிக்கொள்கின்றன.

அந்தப் பெரியவரிடம் விடைபெறும்போது, இதை மலரில் எழுதலாமா என்று கேட்டோம். "பேரைப் போடாம எழுதுங்க. ஊரே சாப்பிட்டாலும் கேட்டுட்டுச் சாப்பிடணும்னு போடுங்க" என்றார். போட்டுவிட்டோம்.

அடுத்த ஐம்பது ஆண்டுக்கான மலரைத் தயாரிக்கப்போகும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். நன்னிமாவின் மருந்துப் பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். அப்படியே விழுங்கவும் செய்யாதீர்கள். அதில் புழுங்கல் அரிசியும் இருக்கலாம், வெறும் பொடியும் இருக்கலாம். எது எது என்று நேர்மையாகச் சோதித்துச் சொல்லும் மருத்துவர்களும் ஆய்வாளர்களும் நம் வீடுகளிலிருந்தே வர வேண்டும். இன்ஷா அல்லாஹ், வருவார்கள்.